கிளென் டில்ட்: ஒரு மலைவழியின் வழக்கு

மலைகளுக்கிடையே செல்லும் பழைய பாதைகளை எவரும் திட்டமிட்டு அமைத்ததாகத் தெரியவில்லை. ஆடு மேய்ப்போர், மந்தை ஓட்டுவோர், சந்தைக்குச் செல்வோர், அடுத்த பள்ளத்தாக்கில் வாழும் உறவினரைக் காணச் செல்வோர் ஆகியோருடைய கால்களே அவற்றை அமைத்தன. அவ்வாறு அமைந்த பாதை யாருக்கு உரியது? நிலத்தை உடையவருக்கா, தலைமுறை தலைமுறையாக அதில் நடந்தவர்களுக்கா? ஸ்காட்லாந்தின் மேட்டுநிலத்தில் 1847ஆம் ஆண்டு ஒரு பேராசிரியரும் அவருடைய மாணவர்களும் மேற்கொண்ட மலைநடை இக்கேள்வியை நாடறிய எழுப்பியது. அந்நிகழ்ச்சியையும் அதன் பின் விளைந்தவற்றையும் இங்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

ஸ்காட்லாந்தின் குறுக்கே கிராம்பியன் மலைத்தொடர் கிடக்கிறது. அதன் வடபுறத்தில், டீ ஆற்றின் அருகே, பிரேமர் என்னும் சிற்றூர் உள்ளது. தென்புறத்தில் பிளேர் ஆத்தோல் உள்ளது. இவ்விரண்டுக்கும் இடையே மலையைக் கடந்து செல்லும் பாதை ஏறக்குறைய 30 மைல் நீளமுடையது. இரவு குறுகியும் பகல் நீண்டும் இருக்கும் கோடைக் காலத்தில், நல்ல நடையுடையோர் விடியலில் புறப்பட்டால் ஒரே நாளில் கடந்துவிடலாம். பாதையின் தென்பகுதி டில்ட் என்னும் ஆற்றையொட்டி, நூல் பிடித்தாற்போன்று நேராக ஓடும் ஒரு பள்ளத்தாக்கு வழியே இறங்குகிறது. அதுவே கிளென் டில்ட். ‘கிளென்’ என்றால் அந்நாட்டு வழக்கில் மலைப் பள்ளத்தாக்கு எனப் பொருள்படும். வடபுலத்து மாடுகளைத் தெற்கேயுள்ள சந்தைகளுக்கு ஓட்டிச் சென்ற மந்தைக்காரர்களுக்கு இது பழகிய வழியாகும்.

அறிவுலக வரலாற்றிலும் இப்பள்ளத்தாக்குக்கு ஓர் இடம் உண்டு. நிலவியலின் தந்தை எனப் போற்றப்படும் ஜேம்ஸ் ஹட்டன், தம் நண்பர் ஜான் கிளார்க்குடன் 1785ஆம் ஆண்டு இங்கு வந்தார். அக்காலத்து ஆத்தோல் கோமகன் அவர்களைத் தம் வேட்டை மாளிகையில் விருந்தினராக வைத்துப் பேணினார். ஆற்றுப் படுகையில் செந்நிறக் கிரானைட்டுப் பாறை, தன்னைச் சூழ்ந்த வேறு பாறைகளைப் பிளந்துகொண்டு நரம்புகள் போல் ஊடுருவியிருந்ததை ஹட்டன் கண்டார். கிரானைட்டு ஒரு காலத்தில் உருகிய குழம்பாக இருந்து, முன்பே இருந்த பாறைகளுக்குள் பாய்ந்து உறைந்தது என்ற அவருடைய கொள்கைக்கு அது கண்கூடான சான்றாயிற்று. அவர் அடைந்த களிப்பைக் கண்ட வழிகாட்டிகள், அவருக்குப் பொன்னோ வெள்ளியோ கிடைத்துவிட்டது என்றே எண்ணினராம்!

அறிஞரை விருந்தோம்பி வரவேற்ற அதே பள்ளத்தாக்கு, இரு தலைமுறைக்குள் இன்னோர் அறிஞருக்குக் கதவடைத்தது. அதற்குக் காரணம் மேட்டுநிலத்தின் பொருளியலில் நேர்ந்த மாற்றமே. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி, நிலக்கிழார்கள் பலர் குடியானவர்களை வெளியேற்றி ஆட்டுப் பண்ணைகளை அமைத்தனர். பின்னர் செல்வர்களின் வேட்டை விருப்பம் பெருகவே, பரந்த மலைப்பகுதிகள் மான் காடுகளாக ஒதுக்கப்பட்டன. காடு என்பது பெயரளவில்தான். மரங்களே இல்லாத மலைச்சரிவுகளும் அவ்வாறே அழைக்கப்பட்டன. மனிதரின் காலடி ஓசை மானைக் கலைத்துவிடும் என்பதால், வேட்டைக்கு உரிய நிலத்தில் வழிப்போக்கர் வேண்டாதவராயினர்.

இந்நிலையில்தான் 1847ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், எடின்பரோ பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பேராசிரியர் ஜான் ஹட்டன் பால்ஃபர் தம் மாணவர்களுடன் பிரேமரிலிருந்து இவ்வழியே வந்தார். செடிகொடிகளை அவை வளரும் இடத்திலேயே காட்டிக் கற்பிக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. மாணவர்களை அழைத்துக்கொண்டு மலை மலையாக நடப்பது அவருடைய வழக்கம். அன்று கிளென் டில்டில் கோமகனின் ஆட்கள் அக்குழுவை மறித்தனர். ஆறாம் ஆத்தோல் கோமகனே நேரில் வந்து, வந்த வழியே திரும்பிப் போகுமாறு கட்டளையிட்டார். இது பொதுவழி என்றார் பேராசிரியர். இது என் நிலம் என்றார் கோமகன். நெடுந்தொலைவு நடந்து களைத்தவர்கள் மீண்டும் அம்மலையைக் கடந்து திரும்புவது எங்ஙனம்? வாதம் முற்றிய பின், பேராசிரியரும் மாணவர்களும் ஒரு சுவரைத் தாண்டிக் குதித்துத் தம் வழியே சென்றுவிட்டனர். இந்நிகழ்ச்சி ‘கிளென் டில்ட் போர்’ என வேடிக்கையாகப் பெயர் பெற்று, நகைச்சுவைப் பாடலுக்கும் பொருளாயிற்று.

நகைப்போடு இது முடிந்திருக்கக் கூடும். ஆனால், எடின்பரோவில் பொதுவழிகளைக் காப்பதற்கென 1845ஆம் ஆண்டிலேயே ஒரு சங்கம் தோன்றியிருந்தது. நகரத் தலைவராக இருந்த பதிப்பாளர் ஆடம் பிளாக் அதில் முன்னின்றார். அச்சங்கத்தார் கோமகன்மீது வழக்குத் தொடுத்தனர். அப்பகுதியில் ஒரு சாண் நிலமும் இல்லாத நகரவாசிகள், ஒரு மலைப்பாதைக்காக வழக்காட உரிமையுடையவர்களா என்பதே கோமகன் தரப்பு எழுப்பிய முதன்மையான தடை. பொதுவழி பொதுமக்கள் அனைவருக்கும் உரியது. ஆதலின் பொதுமக்களுள் எவரும் அதற்காக வழக்காடலாம் என்ற நிலையை 1849ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து நீதிமன்றம் ஏற்றது. கோமகன் செய்த மேல்முறையீட்டை 1852ஆம் ஆண்டு பிரபுக்கள் சபை தள்ளியது. கிளென் டில்ட் வழி திறந்தே இருந்தது.

இவ்வழக்கை வெறும் கற்றோரின் வெற்றியாக நாம் கருதுதல் பொருந்தாது. அந்நாளைய ஸ்காட்லாந்துச் சட்டப்படி, ஒரு பாதையைப் பொதுமக்கள் 40 ஆண்டுகள் இடையறாது பயன்படுத்தி வந்தனர் என்று காட்டினால்தான் அது பொதுவழியாகும். இக்கால அளவை 20 ஆண்டுகளாகக் குறைத்தது 1973ஆம் ஆண்டுச் சட்டமே. அத்தகைய சான்றை எந்த ஆவணத்தில் தேடுவது? கிளென் டில்டுக்குக் கிழக்கேயுள்ள கிளென் டால் பள்ளத்தாக்கின் வழக்கு இதற்கு விடை தருகிறது. ஆஸ்திரேலியாவில் வாழ்ந்து திரும்பிய ஒருவர் அந்நிலத்தை வாங்கிப் பாதையை மூட முற்பட்டார். வழியுரிமைச் சங்கம் வழக்குத் தொடுத்தது. மேய்ப்பர்களும் மந்தை ஓட்டியவர்களும் வழக்குமன்றம் ஏறி, தாம் எந்த ஆண்டில் எந்த மந்தையுடன் அவ்வழியே சென்றோம் என்பதை நினைவிலிருந்து எடுத்துரைத்தனர். 1888ஆம் ஆண்டு பிரபுக்கள் சபை பாதை பொதுவழியே எனத் தீர்ப்பளித்தது. அப்பாதை இன்று ‘ஜாக்கின் பாதை’ எனப்படுகிறது. அப்பெயர் அவ்வட்டாரத்தில் வாழ்ந்த ஓர் எளிய மேய்ப்பரை நினைவூட்டுகிறது. வழக்கு நடத்தியவரின் பெயரைச் சூடாமல் நடந்தவரின் பெயரைச் சூடியது அப்பாதைக்கே பெருமை!

பாதைகள் மீண்டன, மலைகளோ மீளவில்லை. பாதையை விட்டு விலகி மலைமேல் உலவும் உரிமையை அனைவருக்கும் அளிக்க வேண்டுமென்று, 1876ஆம் ஆண்டு அரராத் மலையுச்சியை அடைந்தவரும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஜேம்ஸ் பிரைஸ், 1884ஆம் ஆண்டு ஒரு மசோதாவைக் கொணர்ந்தார். அது நிறைவேறவில்லை, பின்னர்ப் பலமுறை கொணர்ந்தும் பயனில்லை. ஏறத்தாழ 120 ஆண்டுகளுக்குப் பின்னர், ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 2003ஆம் ஆண்டு இயற்றிய நிலச் சீர்திருத்தச் சட்டமே அவ்வுரிமையை வழங்கியது. பிறருடைய வீட்டின் அமைதிக்கும் பயிருக்கும் ஊறு செய்யாமல், பொறுப்புடன் நடக்கும் எவரும் அந்நாட்டின் மலைகளில் உலவலாம்.

கிளென் டில்டின் மேற்பகுதியில் டார்ஃப் என்னும் காட்டாறு வந்து கலக்கிறது. விக்டோரியா அரசியார் 1861ஆம் ஆண்டு இவ்வழியே குதிரைமேல் சென்றபோது, இசைக்குழல் ஊதுவோர் இருவர் ஊதிக்கொண்டே ஆற்று நீரில் இறங்கி முன்னே நடந்தனர். அரசியாரைத் தம் நிலத்தின் வழியே உடன் அழைத்துச் சென்றவர், பேராசிரியரைத் திருப்பியனுப்ப முயன்ற அதே கோமகன்தான். 1879ஆம் ஆண்டு, அவ்வாற்றருகே 18 வயது இளைஞர் ஒருவர் நீரில் மூழ்கி இறந்தார். அவருக்கு முன்னே இறங்கி ஆழம் பார்க்க எவரும் இல்லை. அவ்விளைஞரின் நண்பர்களும் பிறரும் பொருள் திரட்ட, வழியுரிமைச் சங்கமும் தன் பங்கை அளிக்க, 1886ஆம் ஆண்டு அங்கே ஒரு பாலம் எழுந்தது. இன்றும் மலையைக் கடப்போர் அதன்மேல் நடந்தே செல்கின்றனர்.

ஒரு பாதை பொதுவுடைமையாக நிலைப்பதற்கு என்னென்ன வேண்டும் என்பதை இவ்வரலாறு நமக்குக் காட்டுகிறது. அஞ்சாது கேட்பவர் வேண்டும். கண்டதை மறவாது சொல்லும் முதியோர் வேண்டும். பின்னே வருவோருக்காகப் பாலம் கட்டுபவர் வேண்டும். இம்மூவருக்கும் முன்னே, நாள்தோறும் அதில் நடப்பவர் வேண்டும். நடப்பாரற்ற வழியில் முதலில் புல் முளைக்கும். பின்னர் வேலி முளைக்கும்.