இயல்பிருப்பு எழுத்துருவும் தமிழ்க் கணினி ஆவணங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

அலுவலக மென்பொருளில் புதிய ஆவணம் ஒன்றைத் திறக்கும்போது, பயனர் தேர்ந்தெடுக்காமலேயே வந்து அமையும் எழுத்துரு இயல்பிருப்பு எழுத்துரு எனப்படும். மைக்ரோசாப்ட் வேர்டு மென்பொருளில் அவ்விடத்தை நெடுங்காலம் டைம்ஸ் நியூ ரோமன் வகித்தது. 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் காலிப்ரியும், 2023 முதல் ஆப்டோசும் அவ்விடத்தைப் பெற்றன. ஆங்கில ஆவணத்தில் இம்மாற்றங்கள் தோற்றத்தை மட்டுமே பாதித்தன. தமிழ் ஆவணத்திலோ, ஒருங்குறி நிலைபெறுமுன், எழுத்துரு மாறினால் சொல்லே மறைந்தது. இந்நிலை எவ்வாறு தோன்றியது, எவ்வாறு நீங்கியது, எச்சிக்கலை விட்டுச் சென்றது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

எழுத்துருவே குறியேற்றமான காலம்

1990களில் வழங்கிய எட்டுப் பிட்டுக் குறியேற்றத்தில் 256 இடங்களே இருந்தன. தமிழ் எழுத்துரு வடிவமைத்தோர் அவ்விடங்களில் தமிழ் வடிவங்களைத் தத்தம் முறைப்படி அமைத்தனர். தமிழகத்திலும் இலங்கையிலும் பரவலாக வழங்கிய பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களிலேயே தமிழ் வடிவங்களை வைத்தது. அதில் தட்டச்சிட்ட ‘தமிழ்’ என்னும் சொல், கோப்பினுள் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவுமே பதிவாயிற்று. பாமினி இல்லாத கணினியில் இயல்பிருப்பு எழுத்துரு அவ்விடத்தை ஏற்கும்; திரையில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தோன்றும்.

இக்குழப்பத்தைத் தீர்க்க, 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு டாம், டாப் ஆகிய குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரப்படுத்தியது. ஆயினும் எட்டுப் பிட்டு வரம்பு நீங்கவில்லை. டாப் கோப்பும் பொருந்தாத எழுத்துருவில் மேலைநாட்டு எழுத்துகளாகவே தோன்றியது.

ஒருங்குறியும் இயல்பிருப்புத் தமிழும்

1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் கிடைத்தது. எனினும் விண்டோஸ் 2000 லதா எழுத்துருவுடன் வந்த பின்னரே அது அலுவலகக் கணினிகளை எட்டியது. விண்டோஸ் எக்ஸ்பியிலும் தமிழ் போன்ற மொழிகளுக்கான ஆதரவைத் தனியே நிறுவ வேண்டியிருந்தமையால் பழைய எழுத்துருக்கள் தொடர்ந்தன. காலிப்ரியில் தமிழ் வடிவங்கள் இல்லை. ஆகவே 2007ஆம் ஆண்டுப் பதிப்பின் எழுத்துருப் பட்டியல் தமிழுக்கென லதாவைக் குறித்தது. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும், அது பயன்படாத இடங்களுக்கு டேஸ் 16 குறியேற்றத்தையும் தரமாக ஏற்றது. 2012இல் விண்டோஸ் 8 நிர்மலா எழுத்துருவைக் கொணர்ந்தது. விண்டோஸ் 10இல் லதா விருப்பத்தேர்வாக நிறுவிக்கொள்ளும் கூடுதல் எழுத்துருவாயிற்று.

லதா நிர்மலாவாக மாறும்போது வரியும் பக்கமும் நகரலாம். அதனால் மேற்கோளின் பக்க எண் பிழைபடலாம். ஆனால் சொல் அழிவதில்லை. பாமினி டைம்ஸ் நியூ ரோமனாக மாறியதற்கும் இதற்குமுள்ள வேறுபாடு இதுவே.

எஞ்சிய சிக்கல்

தட்டச்சுப் பொறியிலிருந்து ஆய்வேடுகள் கணினிக்கு மாறியது பழைய குறியேற்றங்கள் வழங்கிய அக்காலத்தில்தான். காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் 1993இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் அமைந்ததும் அப்பத்தாண்டிலேயே. அன்றைய கோப்புகளை இன்று ஒருங்குறிக்கு மாற்றுவதற்கு, எவ்வெழுத்துருவில் தட்டச்சிடப்பட்டன என்பதை முதலில் அறிதல் வேண்டும். வேர்டு கோப்பில் எழுத்துருவின் பெயர் பதிவாகியிருக்கும். அதனை வெற்று உரையாகச் சேமித்தாலோ, முழுவதையும் தெரிவு செய்து வேறோர் எழுத்துருவுக்கு மாற்றிச் சேமித்தாலோ அப்பெயர் நீங்கிவிடும். அதன்பின் குறியேற்றத்தை ஊகித்தே அறிய இயலும்.

முடிவுரை

ஒருங்குறிக்கு முந்தைய தமிழ்க் கோப்பில் எழுத்துருவின் பெயர் அலங்காரக் குறிப்பன்று. அதுவே வாசிப்புத் திறவுகோல். ஆகவே அக்காலக் கோப்புகளைத் தொகுப்போர் மூலக்கோப்பை மாற்றாது பேணுதலும், எழுத்துருவின் பெயரை நூற்பட்டியில் பதிதலும், மாற்றிய படியை அச்சுப்படியுடன் ஒப்பிடுதலும் இன்றியமையாதன.