மேசையில் மிச்சமிருந்த இடம்

2024 தீபாவளி முடிந்த மறுவாரம் மாமாவின் கணினி நின்றுபோனது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. டன்லப் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக உட்கார்ந்திருக்கிறார். திருமண அழைப்பிதழ், கோயில் திருவிழா மலர், நினைவஞ்சலி அட்டை, இப்போது கல்யாண வீடியோ என்று வந்த வேலை எல்லாம் செய்கிறவர். இரவு ஒன்பது மணிக்குக் கூப்பிட்டார்.

"மருமகனே, நீதான் இஞ்சினியர் ஆச்சே. சின்னதா ஒரு பெட்டி பார்த்துச் சொல்லு. மேசையில இடம் இல்ல. சத்தம் போடக்கூடாது. வீடியோ திக்காம ஓடணும்."

நான் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியல் படித்தவன். வேலைக்குப் போய் ஐந்து வருஷம் ஆகிறது. இது அரை மணி நேர வேலை என்றுதான் நினைத்தேன். மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் நான் தெரிந்துகொண்டதில் பாதி, படிக்கும்போதே தெரிந்திருக்க வேண்டிய வரலாறு. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பெட்டியின் கதை. கணினி மேசைக்கு வந்ததே படைப்பு வேலைக்காக என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். ஆனால் அச்சுத் தொழிலைப் பொறுத்தவரை அது உண்மை. 1984 ஜனவரியில் வந்த மெக்கின்டாஷ் ஒன்பது அங்குலத் திரையும் 128 கிலோபைட் நினைவகமும் கொண்ட ஒரே பெட்டி. அடுத்த ஆண்டு, அங்குலத்துக்கு 300 புள்ளி அச்சிடும் லேசர்ரைட்டர் அச்சுப்பொறியும் ஆல்டஸ் நிறுவனத்தின் பேஜ்மேக்கர் மென்பொருளும் வந்தன. மூன்றையும் இணைத்தபோது, அதுவரை ஒரு கூடம் நிறைய ஆட்களும் இயந்திரங்களும் செய்த பக்க வடிவமைப்பு ஒரு மேசைக்குள் அடங்கியது. மாமா மாதிரி ஆட்கள் சொந்தமாகத் தொழில் தொடங்க முடிந்தது இதனால்தான்.

அதற்குப் பிறகு பெட்டியை இன்னும் சுருக்கும் முயற்சிகள். 2000-இல் ஆப்பிள், எட்டு அங்குலக் கனசதுரமாக, மின்விசிறியே இல்லாமல் ஜி4 கியூபை வெளியிட்டது. அழகாக இருந்தது, விலை அதிகம், ஒரே வருஷத்தில் நிறுத்திவிட்டார்கள். 2005 ஜனவரியில் மேக் மினி வந்தது. 499 அமெரிக்க டாலர், திரையும் விசைப்பலகையும் சுட்டியும் நாம்தான் கொண்டுவர வேண்டும். பிறகு இன்டெல் நிறுவனம் உள்ளங்கையில் உட்காரும் நக் கணினிகளைக் கொண்டுவந்தது. இன்று பல நிறுவனங்கள் அந்த அளவில் செய்கின்றன. மாமா கூப்பிட்ட அதே வாரம்தான் புதிய மேக் மினி விற்பனைக்கு வந்திருந்தது. பக்கத்துக்கு 12.7 சென்டிமீட்டர், உயரம் 5 சென்டிமீட்டர். தோசைக்கல்லில் வைத்தால் சுற்றிலும் இடம் மிச்சமிருக்கும்.

இந்தக் கதையில் சிங்கப்பூர் வேடிக்கை பார்த்தவர் வரிசையில் இல்லை. 1981-இலேயே அங் மோ கியோவில் ஆப்பிளின் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டு சைனாடவுன் பக்கம் பேர்ல்ஸ் சென்டரில் சிம் வோங் ஹூ என்கிற இளைஞர் கணினி பழுதுபார்க்கும் கடை ஒன்றைத் தொடங்கினார். அதுதான் கிரியேட்டிவ் டெக்னாலஜி. 1989-இல் சவுண்ட் பிளாஸ்டர் அட்டையால் அவர்கள் உலகப் புகழ் பெற்றார்கள். அதற்கு முன்பு, 1986-இல், சீன மொழியைக் கையாளும் கியூபிக் சிடி என்ற சொந்தக் கணினியையே செய்தார்கள் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். அது சரியாக விற்கவில்லை. ஆனாலும் 'கணினி என் மொழியில் பேச வேண்டும்' என்று ஒருத்தர் இந்த ஊரில் அப்போதே நினைத்திருக்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை மாமாவும் நானும் ரோச்சோர் கால்வாயைத் தாண்டி சிம் லிம் ஸ்குவேருக்கு நடந்தோம். தேக்காவிலிருந்து பத்து நிமிஷம். 1987-இல் திறந்த கட்டடம், ஒரு காலத்தில் கணினி வாங்க வேறு இடம் யோசிக்கவே மாட்டார்கள். மாமாவுக்கு நான் ஒரு பட்டியல் போட்டுக்கொடுத்திருந்தேன். வீடியோவுக்கு நினைவகம் 32 ஜிகாபைட்டாவது வேண்டும். வட்டு வேகமாக இருக்க வேண்டும், பின்னால் மாற்ற முடிய வேண்டும். சிறிய பெட்டியில் வெப்பம் வெளியேறுவதற்கு இடம் குறைவு. பத்து நிமிஷம் பறக்கும் கணினி, ஒரு மணி நேரம் வீடியோ ஏற்றும்போது சூடாகித் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சின்ன விசிறி வேகமாகச் சுற்றும், சத்தமும் கூடும். ஆகவே விளம்பரத்தில் போடும் உச்ச வேகத்தைப் பார்க்காதீர்கள், நீடித்து ஓடும் வேகத்தைப் பாருங்கள் என்றேன். இந்தக் கணக்கில் மேக் மினிக்கு நிகராக எதுவும் தெரியவில்லை. குறைந்த மின்சாரம், கிட்டத்தட்ட சத்தமே இல்லை. நினைவகத்தைப் பின்னால் கூட்ட முடியாது, அவ்வளவுதான் குறை. வாங்கிவிடலாம் என்று முடிவே செய்துவிட்டோம்.

அன்று மாலை கடைக்குத் திரும்பியபோது படியில் ஒரு தம்பதி காத்திருந்தார்கள். 2000-ஆம் ஆண்டு தை மாதம் கல்யாணம் செய்தவர்கள். வரும் தையில் இருபத்தைந்தாவது ஆண்டு. பிள்ளைகள் விருந்து வைக்கிறார்களாம். "அண்ணே, நீங்க அன்னிக்குப் போட்ட அதே பத்திரிகை வேணும். எங்கப்பா எழுதின வாசகம். எங்ககிட்ட ஒரு பிரதிகூட இல்ல. வீடு மாறினப்ப போயிடுச்சு" என்றார் அந்த அம்மா. அவருடைய அப்பா இப்போது இல்லை. மாமா யோசிக்காமல் "இருக்கு தங்கச்சி, எதையும் நான் அழிக்கிறதில்ல" என்று சொல்லிவிட்டார்.

நின்றுபோன கணினியின் வட்டு நன்றாகத்தான் இருந்தது. கழற்றி என் மடிக்கணினியில் இணைத்தேன். கோப்பும் இருந்தது. பேஜ்மேக்கர் கோப்பு. அந்த மென்பொருளின் வளர்ச்சியை அடோபி 2004-லேயே நிறுத்திவிட்டது, இன்றைய இன்டிசைன் அந்தக் கோப்புகளைத் திறப்பதில்லை. கூடவே இருந்த ஒரு வெறும் உரைக்கோப்பைத் திறந்தேன். ஆங்கில எழுத்துகளுக்குத் தலையில் கொம்பும் காலில் வாலும் முளைத்தது மாதிரி என்னென்னவோ வந்தது. ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. மாமா முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த வட்டில் அப்படி ஆயிரக்கணக்கான கோப்புகள். எத்தனையோ வீட்டுக் கல்யாணங்களும் சாவுகளும்.

ஏன் இப்படி ஆனது என்பதுதான் நான் படிக்காமல் விட்ட வரலாறு. பழைய எழுத்துரு ஒன்றில் 256 இடங்கள்தான். அதில் எந்த இடத்தில் எந்தத் தமிழ் எழுத்தை வைப்பது என்பதை ஒவ்வொருவரும் தங்கள் விருப்பப்படி முடிவு செய்தார்கள். சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை இலவசமாகக் கொடுத்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலைச் செய்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியனைச் செய்தார். ஒன்றில் தட்டியது இன்னொன்றில் குப்பையாகத் தெரியும்.

நா. கோவிந்தசாமியை இங்கே பலர் சிறுகதை ஆசிரியராக அறிவார்கள். 1946-இல் பிறந்தவர், தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் விரிவுரையாளர். அந்தக் கழகம் நான் படித்த பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதிதான். நான்கு வருஷம் அந்த வளாகத்தில் கணினிப் பொறியியல் படித்தும் அவர் பெயரை நான் ஒரு வகுப்பில்கூடக் கேட்டதில்லை. 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றினார்கள். அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ குழுவினரோடு சேர்ந்து அதில் தமிழை ஏற்றியவர் கோவிந்தசாமி. இணையத்தில் தமிழின் முதல் அடிகளில் அதுவும் ஒன்று. ஒரு இலக்கியவாதி, பொறியாளர் அல்லாதவர், கணினி தமிழைக் கற்றுக்கொள்ளட்டும் என்று காத்திருக்காமல் தானே சொல்லிக்கொடுக்கப் போயிருக்கிறார்.

1997 மே மாதம் சிங்கப்பூரில் தமிழ்நெட் 97 மாநாடு நடந்தது. தமிழ்க் கணிமைக்காரர்கள் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து, விசைப்பலகையும் குறியீடும் ஒன்றாக வேண்டும் என்று பேசினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னை மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையையும், டாம், டாப் என்ற இரண்டு குறியீடுகளையும் தரமாக ஏற்றது. அந்த மே மாதமே கோவிந்தசாமி காலமானார். 2000 ஜூலையில் மாநாடு மறுபடி சிங்கப்பூருக்கு வந்தது, உத்தமம் அமைப்பு உருவானது. ஆனால் காலம் அவர்களுக்காக நிற்கவில்லை. 1991-லேயே வெளிவந்துவிட்ட யூனிகோடு மெல்ல எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டிருந்தது. விண்டோஸ் 2000 முதல் அது தமிழுக்கும் வந்தது. அச்சு வேலை செய்தவர்கள் மட்டும் உடனே மாறவில்லை. மாற முடியவில்லை என்பதே சரி. இன்டிசைனில் யூனிகோடு தமிழ் ஒழுங்காக அமர 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதனால்தான் மாமாவின் கோப்புகளில் பெரும்பகுதி பழைய குறியீட்டிலேயே தங்கிவிட்டது.

குறியீட்டை மாற்றுவது, ஒரு எண்ணுக்குப் பதில் இன்னொரு எண் என்று எளிதாகத் தோன்றும். அப்படி இல்லை. 'கொ' என்று எழுதினால் பழைய எழுத்துருவில் மூன்று துண்டுகள்: முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு கால். கண் பார்க்கும் வரிசை. யூனிகோடில் முதலில் க, அதன்பின் ஒகரக் குறி. வாய் சொல்லும் வரிசை. இதை நிரலில் எழுதிக்கொண்டிருந்த இரவில்தான் ஒன்று உறைத்தது. 1887-இல் மகுதூம் சாயபு இந்த ஊரில் 'சிங்கைநேசன்' அச்சிட்டபோது, அச்சுக்கோப்பவர் கொம்பை எடுத்து, ககரத்தை எடுத்து, காலை எடுத்துத்தான் அடுக்கியிருப்பார். மாமாவின் கணினி நூறு வருஷத்துக்குப் பிறகும் அந்தக் கையின் வரிசையைத்தான் நினைவில் வைத்திருந்தது.

மேக் மினி திட்டத்தைக் கைவிட்டோம். காரணம் வேகமோ விலையோ இல்லை. மாமாவின் பேஜ்மேக்கரும் அதன் எழுத்துருக்களும் பழைய விண்டோஸில் மட்டுமே ஓடும். ஆப்பிள் 2020-இலிருந்து தன் கணினிகளில் வேறு வகைச் செயலிக்கு மாறிவிட்டது. அதில் பழைய விண்டோஸை ஓட்டுவது பெரும்பாடு. தமிழ் மென்பொருளின் பூட்டுச்சாவி செருகும் பழைய யுஎஸ்பி துளையும் புதிய மினியில் கிடையாது. இன்டெல் வகைச் செயலி கொண்ட சிறிய பெட்டி ஒன்றை வாங்கினோம். நினைவகத்தையும் வட்டையும் மாற்றிக்கொள்ளலாம். அதற்குள் ஒரு மெய்நிகர் கணினி அமைத்து, பழைய விண்டோஸையும் பேஜ்மேக்கரையும் அப்படியே குடியேற்றினேன். வீடியோ மேக்கைவிட மெதுவாகத்தான் ஏறும். விசிறிச் சத்தமும் இரவில் லேசாகக் கேட்கும். மாமாவிடம் முன்னாடியே சொல்லிவிட்டேன்.

"பரவால்லடா. வீடியோ நாளைக்குக் கூட ஏறட்டும்" என்றார்.

அழைப்பிதழ் திறந்த அன்று மாமா ஒரு வார்த்தை பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு எழுத்துப்பிழை கண்டுபிடித்தார், 1999-இல் அவரே விட்டது. திருத்தவா என்று அந்த அம்மாவுக்கு அழைத்துக் கேட்டோம். வேண்டாம், அப்பா பார்த்தது அப்படியே இருக்கட்டும் என்றார்.

என் நிரல் மற்ற கோப்புகளை ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறது. முற்றிலும் சரியாக வருவதில்லை. மாமா ஒவ்வொரு இரவும் சில பக்கங்களை மெய்ப்புப் பார்க்கிறார். உங்கள் வீட்டிலும் அச்சகம் வைத்திருந்தவர், மலர் தயாரித்தவர், பள்ளிப் பாடத்தாள் தட்டியவர் யாராவது இருப்பார்கள். அவர்களுக்குப் புதுக் கணினி வாங்கிக்கொடுக்கும்போது, எது வேகம் என்று கேட்பதற்கு முன்னால் பழைய வட்டில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். அதைத் திறக்கத் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

புதுப் பெட்டி மேசையின் ஓரத்தில், சாமி படத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. மிச்சமான இடத்தில் மாமா மெய்ப்புத் தாள்களை அடுக்கிவிட்டார். மேசையில் இப்போதும் இடம் இல்லை.