எரியாத பெட்டி

1988ஆம் ஆண்டு. காவத்தைப் பக்கத் தோட்டமொன்றின் லயக் காம்பிரா வாசலில் அமர்ந்து, மடியில் வைத்த சிறு கணினியில் ஒரு மூதாட்டியின் வாக்குமூலத்தைத் தட்டிக்கொண்டிருந்தேன். அவர் சற்று நேரம் அதனையே பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இந்தப் பெட்டிக்குள்ள எம் பேர வச்சா அது எரியாதுல்ல?" எரியாது அம்மா என்றேன். சொன்னதன் கனம் அப்போது எனக்குத் தெரியவில்லை.

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. 1949இன் சட்டம் ஒரு வாசலைத் திறந்ததாயினும், அதனைக் கடக்கக் காகிதம் வேண்டியிருந்தது. 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முன்னர் குடும்பத்தவராயின் ஏழு வருடங்களும், தனியராயின் பத்து வருடங்களும் இடையறாது வாழ்ந்தமையை நிரூபிக்க வேண்டும். விண்ணப்பிக்கத் தரப்பட்ட காலமோ இரண்டே வருடங்கள். 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 150,000 பேரின் கதியைப் பின்போட்டது. அந்தப் பங்கீட்டில் மூதாட்டியின் மூத்த மகன் கப்பலேறினார். தாய் இங்கேயே தங்கிவிட்டார். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதித் தோட்டங்கள் தாக்கப்பட்டபோது, அவரது தகரப் பெட்டியும் அதனுள் இருந்த விண்ணப்பப் பற்றுச்சீட்டும் மகனின் கடிதங்களும் எரிந்து போயின. 1986இல் 94,000 பேருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டமும், 1988இல் 39ஆம் இலக்கச் சட்டமும் வந்த வேளையில், இத்தகையோரின் கதைகளைத் திரட்டவே நான் சப்ரகமுவவில் அலைந்தேன்.

கையில் இருந்தது டேண்டி மொடல் 100. நாடு திரும்பிய வெளிநாட்டுச் செய்தியாளர் ஒருவரிடம் அரைவிலைக்கு வாங்கியது. ஜப்பானின் கியோசெரா நிறுவனம் தயாரித்து, 1983இல் சந்தைக்கு வந்த இயந்திரம். எடை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. திரையில் எட்டு வரிகள், வரிக்கு நாற்பது எழுத்துகள். பில் கேட்ஸ் தாமே பெரும் பங்கு நிரல் எழுதிய கடைசி இயந்திரம் இதுவென்பர். உலகெங்கும் பத்திரிகையாளர்கள் இதனை விரும்பியதற்கு முதற் காரணம் பற்றரிதான். டோர்ச் லைட்டுக்குப் போடும் சிறு பற்றரிகள் நான்கு இருந்தால் சுமார் இருபது மணி நேரம் ஓடும். மின்சாரமில்லாத லயத்தில் வேறெந்தக் கணினி எனக்கு உதவியிருக்கும்?

தமிழ் எழுத்து அதில் இல்லை. ஆகவே ஆங்கில எழுத்துகளில் தமிழை எழுதினேன்; லகரத்துக்குச் சிறிய எல், ளகரத்துக்குப் பெரிய எல் என்று எனக்கு நானே விதி வகுத்துக்கொண்டேன். நினைவகம் அதிகபட்சம் 32 கிலோபைட். அது நிறைந்ததும் சாதாரணக் கசெட் ரெக்கோடரைப் பொருத்தி நாடாவில் பதிய வேண்டும். 1984இல் இதற்கென ஒரு சிறு தட்டு இயக்கியும் வெளிவந்தது. பின்னல் இயந்திரங்களுக்காக பிரதர் நிறுவனம் செய்த இயக்கிதான் பெயர் மாறி வந்ததாம். அதனை நான் கண்ணாலும் கண்டதில்லை. கசெட்டே கதியென மூன்று நாடாக்களில் எல்லாவற்றையும் ஏற்றினேன். எழுத நினைத்த நூலை எழுதவில்லை. நாடாக்கள் அலுமாரிக்குள் போயின.

அண்மையில் மூதாட்டியின் பேத்தி என்னைத் தேடி வந்தார். "ஐயா, அம்மாயி உங்ககிட்ட எல்லாம் சொன்னாங்களாம். பெரிய மாமா இந்தியாவுல எந்த ஊருக்குப் போனாங்கன்னு சொன்னாங்களா?" எனக்கு நினைவில்லை. நாடாவில் இருக்கலாம் என்றேன்.

இயந்திரம் உயிர்பெறவில்லை. உள்ளே ஈயப்பற்று வைத்துப் பொருத்தப்பட்ட நிக்கல் - காட்மியம் பற்றரி, இத்தனை வருடங்களில் பல இயந்திரங்களிலும் நடப்பதுபோல், கசிந்திருந்தது. இரத்தினபுரியில் வானொலி திருத்தி ஓய்வுபெற்ற நண்பர் அதனை அகற்றி, அரிப்பைத் துடைத்து, மின்தேக்கிகளையும் மாற்றினார். வெளி மின்சாரம் கொடுப்பதில் ஒரு கண்ணி உண்டு. இதற்கு ஆறு வோல்ட் வேண்டும். செருகியின் நடுமுனை எதிர்மின். இக்காலத்து அடப்டர்களில் பெரும்பாலும் நடுமுனை நேர்மின். கவனியாது செருகியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

எட்டு முனை வட்டச் செருகியொன்றைத் தேடியெடுத்துக் கசெட் வடத்தைப் புதிதாகச் செய்தோம். பூஞ்சணம் பிடித்த நாடாக்களைத் துடைத்து, ஒலியளவைக் கூட்டியும் குறைத்தும் பார்த்ததில் முதலிரண்டும் படித்துக்கொண்டன. அவற்றைப் புதிய கணினிக்கு மாற்றியது ஆர்.எஸ்.232 துறை. இரண்டாம், மூன்றாம் கம்பிகளைக் குறுக்காக மாற்றிய வடம், யூ.எஸ்.பி. மாற்றி, இருபுறமும் 9600 என்ற ஒரே வேகம், அவ்வளவே. எளிய எழுத்துக்கோப்பு என்பதால் எந்தச் சிக்கலுமின்றித் திறந்தது. தொண்ணூறுகளில் பாமினி எழுத்துருவில் நான் எழுதியவையோ எழுத்துரு இல்லாத கணினியில் இன்றும் குப்பையாகவே தெரிகின்றன!

மூதாட்டியின் பேச்சு மூன்றாம் நாடாவில் இருந்தது. அதுதான் மறுத்தது. மொடல் 100 எழுத்தை 256 பைட் கொண்ட துண்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் முடிவிலும் சரிபார்ப்பு எண்ணை வைத்துப் பதிகிறது. ஒலியைக் கணினியில் பதிவுசெய்து, என் மகன் எழுதிய சிறு நிரலால் துண்டம் துண்டமாகப் பிரித்தோம். ஒன்றைத் தவிர மற்றவை தேறின. மகனைப் பற்றிய வாக்கியம் நீலகிரி, தேயிலைத் தோட்டம் என்று வந்து, 'கு' என்ற எழுத்தோடு அறுந்து நின்றது. குன்னூரா? அவசரத்தில் குறிலும் நெடிலும் பார்க்காமல் தட்டும் பழக்கம் எனக்கு உண்டு, கூடலூராகவும் இருக்கலாம். பேத்தி ஒன்றும் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று பதிந்த ரெக்கோடரின் தலை சற்றே சாய்ந்திருக்கலாம் என்றார் நண்பர். வாசிக்கும் தலையின் சாய்வும் அதற்கு இணங்க வேண்டுமாம். தலையருகே உள்ள சிறு திருகாணியை இம்மி இம்மியாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் அதே இடத்தை ஓடவிட்டார். பதினோராவது தடவையில் சரிபார்ப்பு எண் பொருந்தியது.

கூடலூர். பிள்ளைகள் இருவரின் பெயர்களும் அதே துண்டத்தில் இருந்தன. பேத்தி மூன்றையும் கைபேசியில் குறித்துக்கொண்டு, இளையவரின் பெயரில் வருவது லகரமா ளகரமா என்று கேட்டார். பெரிய எல்தான் அம்மா என்றேன். கூடலூருக்குக் கடிதம் போயிருக்கிறது.