துடுப்பின் வேகம்: எல்லே, கிரிக்கெட், பேஸ்போல் – ருவான்வெல்லையை முன்வைத்து ஓர் ஆய்வு

அவிசாவளைக்கும் கேகாலைக்கும் நடுவே, குருகொட ஓயாவை ஒட்டி அமைந்த ருவான்வெல்லையிலும் அதைச் சுற்றியுள்ள இறப்பர் தோட்டங்களிலும் மட்டை பிடிக்கும் பிள்ளைகளுக்கு இரண்டு ஆசான்கள் உண்டு. ஒன்று, சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுப் போட்டிகளில் தவறாமல் இடம்பெறும் எல்லே. மற்றது, வெள்ளைக்காரர் கொண்டுவந்த கிரிக்கெட். முன்னது பந்தைக் கிடையாகச் சுழற்றி விளாசச் சொல்கிறது. பின்னது அதையே ‘குறுக்கு அடி’ என்று கண்டிக்கிறது. இப்படிக் கண்டிக்கப்பட்ட வீச்சு எவ்வாறு பயிற்றுநர்களின் பாடத்திட்டத்துக்குள் நுழைந்தது என்பதையே இக்கட்டுரை ஆராய்கிறது. அந்த நுழைவு எல்லேயின் வழியாக நடக்கவில்லை, அமெரிக்க பேஸ்போலின் வழியாக நடந்தது என்பது இதன் வாதம்.

எல்லேக்கு ஈராயிரம் ஆண்டுப் பழமை சொல்வோர் உண்டு. நமக்கு அந்த வயது முக்கியமல்ல, ஆட்டத்தின் அமைப்பே முக்கியம். அடிப்பவருக்கு மூன்று வாய்ப்புகள். கையில் முற்றிய மூங்கில் தடி, எதிரே வருவது பெரும்பாலும் டென்னிஸ் பந்து. அடித்துவிட்டு, பேஸ்போலைப் போலவே நிறுத்தங்களைச் சுற்றி ஓடிவர வேண்டும். அடித்த பந்தைப் பிடித்தாலோ, ஓடும்போது பந்தால் எறிந்து பட்டாலோ ஆட்டமிழப்பு. தேர்ந்த எல்லேக்காரரின் கால்களைக் கவனித்தால் விஷயம் புரியும். முன்கால் ஊன்றி, இடுப்பு திரும்பத் தொடங்கிய பிறகும் தடி பின்தோளுக்கு அப்பாலேயே நிற்கும். தோள் இழுக்கும், முழங்கை விரியும், கடைசியில்தான் மணிக்கட்டு தடியை விடுவிக்கும். மெதுவாக வரும் பந்திடமிருந்து கடன் வாங்க எதுவும் இல்லை என்பதால், பந்து போகும் தூரமெல்லாம் தடியின் வேகத்தில்தான் தங்கியிருக்கிறது.

இதற்குக் கணக்கும் உண்டு. பேஸ்போல் இயற்பியலில் அலன் நேதன் எடுத்துக்காட்டும் சமன்பாட்டின்படி, துடுப்பின் வேகம் மணிக்கு ஒரு மைல் கூடினால், அடிபட்டுச் செல்லும் பந்தின் வேகம் ஏறத்தாழ 1.2 மைல் கூடும். எறியப்படும் பந்தின் வேகம் ஒரு மைல் கூடினாலோ 0.2 மைல் மட்டுமே. வேகப்பந்தை ‘அதன் வேகத்திலேயே’ எல்லைக்கு அனுப்பலாம் என்ற நம் மைதானப் பேச்சு பேஸ்போலில் அவ்வளவாக எடுபடாது.

கொழும்பில் 1832 முதல் கிரிக்கெட் ஆடப்பட்டதற்குப் பதிவு உண்டு. துரைமாரின் கிளப்புகளும் நகரத்துப் பெரிய பாடசாலைகளும் வளர்த்த இலக்கணம் நேர்துடுப்பு இலக்கணம். அதில் நியாயமும் இருந்தது. குண்டும் குழியுமான ஆடுகளத்தில் எகிறும் கடினப்பந்துக்கு எதிராக, விக்கெட்டைக் காக்க நேரே இறங்கும் துடுப்பே பாதுகாப்பு. தோட்ட லயங்களில் வாழும் பிள்ளைகளுக்கோ அந்தப் பாதுகாப்பு தேவைப்படவில்லை. காலுறை, கையுறை, கடினப்பந்து எல்லாம் வீட்டுச் செலவுக்கு எட்டாதவை. அவர்களின் ஆட்டம் மென்பந்து கிரிக்கெட். சரிவான இறப்பர்மலையில் கிடைக்கும் சின்னத் தரையில், ஒருசில ஓவர்களுக்குள் முடிந்துவிடும் ஆட்டத்தில் விளாசுவதுதான் புத்திசாலித்தனம். இதை ஒழுங்கில்லாத ஆட்டம் என்று ஒதுக்கிய பயிற்றுநர்கள் அதன் பொறிமுறையைப் பார்க்கத் தவறினார்கள் என்றே கருதுகிறேன்.

துடுப்பின் வேகமே முக்கியம் என்ற இந்த அறிவு பேஸ்போலிலும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. பேப் ரூத் 40 அவுன்ஸுக்கும் மேற்பட்ட துடுப்புகளைத் தூக்கினார். கனமே பலம் என்பது அக்கால நம்பிக்கை. இன்றைய துடுப்புகள் பெரும்பாலும் 31 முதல் 33 அவுன்ஸ். டெட் வில்லியம்ஸ் 1970 வாக்கில் எழுதிய நூலில், இறங்கிவரும் பந்துக்கு ஏற்பத் துடுப்பு சற்றே மேல்நோக்கி எழ வேண்டும் என்று வாதிட்டார். பயிற்றுநர் சார்லி லாவ் உடற்பாரத்தைப் பின்காலிலிருந்து முன்காலுக்கு மாற்றுவதை வலியுறுத்தினார். 1995இல் வெல்ச் குழுவினர் வெளியிட்ட உயிர்ப்பொறிமுறை ஆய்வு, இடுப்பின் உச்சச் சுழற்சி விநாடிக்கு 714 பாகை, தோளின் உச்சம் 937 பாகை என அளந்தது. கீழிருந்து மேலாக ஒவ்வொரு உறுப்பும் முந்தியதைவிட வேகமாகச் சுழல்கிறது. எல்லேக்காரரின் உடல் செய்வதும் இதையேதான்.

ஹவாய் பல்கலைக்கழகத்தின் கூப் டெரென் 1992இல் கண்டது இன்னும் சுவையானது. களமிறங்குமுன் துடுப்பில் கனமான வளையம் மாட்டிச் சுழற்றுவது அமெரிக்காவில் பழகிப்போன சடங்கு. வளையத்தைக் கழற்றியதும் துடுப்பு இலேசாகத் தோன்றும், ஆனால் உண்மையில் வேகம் குறைந்துவிடுகிறது. ஆட்டத்தில் பிடிக்கும் துடுப்புக்கு நெருங்கிய எடையில் ஒத்திகை பார்ப்பவர்களே வேகமாகச் சுழற்றினார்கள்.

இலங்கையில் திருப்பம் 1996 உலகக் கிண்ணத்தில் தெரிந்தது. முதல் 15 ஓவர்களில் வட்டத்துக்கு வெளியே இருவர்தான் நிற்கலாம் என்ற விதியை டேவ் வாட்மோர் பயிற்றுவித்த அணி நன்றாகப் பயன்படுத்தியது. டில்லியில் இந்தியாவுக்கு எதிராக முதல் மூன்று ஓவர்களில் 42 ஓட்டங்கள். சனத் ஜயசூரியவின் முன்கைப் பலம் மிக்க அடிகளில் பாடப்புத்தக நேர்மை குறைவு, துடுப்பின் வேகம் அபாரம். அப்போது அதைத் துணிச்சல் என்று பாராட்டினார்களே தவிர, கற்பிக்கத்தக்க உத்தியாக யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

அந்த வேலையை இருபது ஓவர் ஆட்டம் செய்யவைத்தது. முன்னாள் ஹாம்ப்ஷயர் வீரர் ஜூலியன் வுட் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் பேஸ்போல் அணியிடம் கற்றதைக் கிரிக்கெட்டுக்கு மாற்றி ‘பவர் ஹிட்டிங்’ பயிற்றுநரானார். 2025இல் இலங்கை அணியின் துடுப்பாட்டப் பயிற்றுநராகவும் அமர்த்தப்பட்டார். லஃப்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் கிரிக்கெட் துடுப்பை அளந்தபோது, வேகத்தோடு பிணைந்தவை மூன்று என்று கண்டார்கள்: துடுப்பு இறங்கத் தொடங்கும்போது இடுப்புக்கும் மார்புக்கும் இடையிலான முறுக்கு, முன்கை முழங்கையின் விரிவு, மணிக்கட்டின் விடுவிப்பு. ருவான்வெல்லையில் எல்லே அடிக்கும் பிள்ளைக்கு இந்த மூன்றும் ஏற்கெனவே பழக்கம். பாக்கியிருப்பது கடினப்பந்தின் எகிறலுக்கு அதைப் பழக்கும் வேலை. அதற்கு வேண்டிய வலையும் ஆடுகளமும்தான் தோட்டப் பாடசாலைகளில் அரிது.

வேகத்தை மட்டும் வைத்து வீரரைத் தேர்ந்தெடுப்பதும் சரியாகாது. அமெரிக்க பேஸ்போலின் மேஜர் லீக் 2024 மே மாதம் துடுப்பு வேகத் தரவுகளைப் பொதுவெளியில் வைத்தபோது, ஜியன்கார்லோ ஸ்டான்டன் மணிக்குச் சராசரியாக 81 மைல் அளவில் முதலிடத்தில் இருந்தார். லூயிஸ் அராயஸ் சுமார் 63 மைலோடு அடிமட்டத்தில். அந்த அராயஸ்தான் 2022, 2023, 2024 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தம் லீக்கின் துடுப்பாட்டச் சராசரிப் பட்டத்தை வென்றவர்.