சலகெருது: ஆட்டமா, கடனா?

தைப்பொங்கல் நாளில் தொழுவத்தில் பிறக்கும் காளைக்கன்று, மடத்துக்குளம், உடுமலை வட்டாரத்துச் சில ஊர்களில் வீட்டுக்காரருக்குச் சொந்தமில்லாமல் போகிறது. அதைச் சோமவாரப்பட்டிக் கோவிலின் தெய்வமான ஆல்கொண்டமாலுக்கு நேர்ந்துவிடுகிறார்கள். அதன்பின் ஏரில் பூட்டுவதில்லை. சலகெருது என்ற பெயரோடு ஊர்ப்பொதுவில் வளரும் அந்தக் காளையை மார்கழி இரவுகளில் உருமி கொட்டி ஆடப் பழக்கி, மாட்டுப்பொங்கலையொட்டிக் கோவிலுக்கு ஊர்வலமாக ஓட்டிச் செல்கிறார்கள்.

இதை நாட்டார் கலை என்று பட்டியலிட்டுவிட்டு நகர்ந்துவிடுவது நமக்கு எளிது. ஆனால் ஊர்வலம் ஒன்று, ஆட்டம் வேறொன்று என்று பிரித்துப் பார்க்கும்போதுதான் பிழை தொடங்குகிறது. நேர்ந்த கடனை ஊரறியச் செலுத்தும் முறையே இந்த ஆட்டம் என்பது என் வாதம்.

ஆட்டத்தைக் கிட்டே நின்று பார்க்க வேண்டும். உருமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கிறார்கள். மறுமுகத்தில் அடி விழுகிறது. தேய்ப்பில் எழும் அந்த உறுமல் காதைவிட வயிற்றில்தான் முதலில் கேட்கும். ஆடுகிறவர் நீண்ட மூங்கில் குச்சிகள் இரண்டைப் பிடித்து எருதின் முகத்துக்கு நேரே மறிக்கிறார். எருது முன்னேற, இவர் பின்வாங்கி மறுபடி மறிக்கிறார். அடக்குவதும் இல்லை, திமிலைப் பிடித்துத் தொங்குவதும் இல்லை. யார் யாரை ஆட்டுகிறார் என்பதே சில நேரம் புரியாது!

ஏறுதழுவல் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் விதித்த தடையையடுத்து, 2017இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத்திருத்தம் மஞ்சுவிரட்டு, வடமாடு, எருதுவிடும் விழா என்று பெயர் சொல்கிறது. சலகெருது அதில் இல்லை. அதைக் குறை என்று நான் கருதவில்லை. வீரத்தை அளக்கும் வரிசையில் நிற்க வேண்டிய வழக்கமே அல்ல இது.

கம்பளத்தாரின் தேவராட்டத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். தேவராட்டத்துக்கு ஆடும் உடல்களும் தாளமும் போதும். அதனால் அது மேடை ஏறியது. சலகெருதை மேடையில் ஏற்றினால் மிஞ்சுவது பழக்கிய மாடு மட்டுமே. நேர்ச்சை கீழேயே நின்றுவிடும்.

இதற்கு இணையான ஆட்டம் தொலைவில் ஒன்று உண்டு. பாஸ்க் நாட்டு லெக்கெய்த்தியோ துறைமுகத்தில் ஜூன் 29, புனித பேதுரு நாளன்று மீனவர்கள் ஒரு பெட்டியைத் தோளில் சுமந்து வர, அதன்மேல் ஒருவர் ஆடுகிறார். மீனவர் சங்கத்தின் ஆவணங்களைக் காக்கும் பெட்டி அது. அங்கும் தனியொருவருக்குச் சொந்தமல்லாத பொருளைச் சுற்றியே ஆட்டம் நடக்கிறது. நம்முடைய பொதுப்பொருளுக்கு நான்கு கால், சுமக்கத் தேவையில்லை.

இன்று எருதைப் பழக்குகிற இளைஞர்களில் பலர் நூற்பாலைக்கோ பனியன் கம்பெனிக்கோ போகிறவர்கள். மார்கழி இரவுப் பழக்கத்துக்கு ஷிப்ட் குறுக்கே நிற்கிறது. பொங்கல் விடுமுறை கைகொடுக்கிறது. கைப்பேசிக்காக ஆடுகிறவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவர்களும் எருதை ஓட்டிக்கொண்டு கோவில்வரை போகத்தான் வேண்டும்.

அங்கே, நேர்ந்துவிட எருது இல்லாதவர்கள் மண்ணால் செய்த மாட்டு உருவாரங்களை வாங்கி வைக்கிறார்கள். வீட்டில் கறந்த பால் அபிஷேகத்துக்குப் போகிறது. உருவாரங்கள் கோவிலிலேயே தங்கிவிடுகின்றன. சலகெருது வந்த வழியே ஊருக்குத் திரும்புகிறது.