திரும்பி வந்த சிப்பாய்: ஒடுக்கப்பட்டோரின் படைச்சேவையும் உரிமைக் கோரிக்கையும்

கொல்லிமலைச் செம்மேட்டில் சங்ககாலக் குறுநில மன்னன் வல்வில் ஓரிக்குச் சிலை உண்டு. ஆண்டுதோறும் ஆடியில் அரசு விழா எடுக்கிறது. தமிழரின் போர் நினைவு சங்க காலம் தொட்டே களத்தில் மாய்ந்த தலைவனையும் நடுகல் பெற்ற வீரனையும் போற்றி வந்திருக்கிறது. சம்பளத்துக்குப் படையில் சேர்ந்து, உயிரோடு ஊர் திரும்பி, ஓய்வூதியத்தில் காலம் தள்ளிய சிப்பாய்க்கு அதில் இடமில்லை. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, கொல்லிமலை அடங்கிய சேலம் சீமை கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்தது. அந்த ஆட்சியைத் தெற்கில் நிலைநாட்டிய மதராஸ் படையில் பறையர் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சாதியினரும் இருந்தனர். படைச்சேவை அவர்களுக்கு உரிமையை வழங்கவில்லை. உரிமை கேட்பதற்கான சான்றை வழங்கியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க அனுபவம் இவ்வாதத்தைத் தெளிவாக்கும். உள்நாட்டுப் போரில் ஏறத்தாழ 1,79,000 கறுப்பினத்தவர் வடபுலத் தரைப்படையில் சேர்ந்தனர். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். கறுப்புச் சிப்பாய்க்கு 10 டாலர், அதிலும் உடைக்கென்று 3 டாலர் பிடித்தம். மாசசூசெட்ஸ் 54ஆம் படைப்பிரிவினர் இந்தக் குறைசம்பளத்தை வாங்க மறுத்தனர். 1864 ஜூனில் நாடாளுமன்றம் சமசம்பளத்துக்கு வழிசெய்தது. போர் முடிந்தபின் போராட்டம் ஓய்வூதிய அலுவலகத்துக்கு இடம்மாறியது. அடிமையாகப் பிறந்தவருக்குப் பிறப்புப் பதிவு கிடையாது. அவருடைய திருமணத்தைச் சட்டம் ஏற்றதில்லை. ஆகவே உடன் போரிட்டவர்களும் அண்டை வீட்டாரும் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. அந்த வாக்குமூலங்களே இன்று அடிமை வாழ்வை அறிய உதவும் முதன்மை ஆவணங்களாகியிருக்கின்றன.

தென்னிந்தியாவில் 1780இல் அமைக்கப்பட்ட பயோனியர் படை, 1831இல் மதராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் ஆயிற்று. பாதை வெட்டுதல், பாலம் கட்டுதல், கோட்டைச் சுவரின் அடியில் சுரங்கம் தோண்டுதல் ஆகியவை அதன் பணிகள். நிலமற்ற குடும்பத்துக்கு அந்தச் சம்பளம் பண்ணையாரை அண்டாமல் பிழைக்க ஒரு வழி. படைப்பிரிவுப் பள்ளிகள் எழுத்தறிவையும் கொடுத்தன. மகாராஷ்டிரத்தின் ஒடுக்கப்பட்ட சாதியினரான மகர்களிடையே இதன் விளைவை நன்கு காணலாம்: அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் படைப்பள்ளி ஆசிரியராக இருந்த சுபேதார். அம்பேத்கர் 1891இல் மோவ் படைமுகாமில் பிறந்தார்.

இந்த வழியையும் அரசே அடைத்தது. 1885 முதல் 1893 வரை இந்தியாவின் தலைமைத் தளபதியாயிருந்த ராபர்ட்ஸ், நெடுங்கால அமைதியில் தென்னாட்டார் போர்க்குணத்தை இழந்துவிட்டதாகக் கருதினார். சில இனங்களே போருக்குரியவை எனும் ‘போர்மரபினம்’ என்ற கோட்பாடு ஓங்க, மதராஸ் காலாட்படை சுருங்கியது. மகர்களின் சேர்க்கையும் நின்றது. ஓய்வுபெற்ற ஹவில்தார் கோபால் பாபா வலங்கர் மகர்களை மீண்டும் படையில் சேர்க்கக் கோரி 1894இல் மனு எழுதினார். முன்னோர் செய்த சேவையை உரிமையின் அடிப்படையாக அவர் முன்வைத்தது கவனத்துக்குரியது. முதல் உலகப் போர் ஆள்தேவையைக் கொண்டுவந்தபோது கதவு திறந்தது. தேவை தீர்ந்ததும் மூடியது. 1917இல் உருவான மகர் படைப்பிரிவு 1921இல் கலைக்கப்பட்டது. சாப்பர்ஸிலிருந்து வேறான பிற்கால மதராஸ் பயோனியர்களும் 1933இல் கலைக்கப்பட்டனர்.

இரு வரலாறுகளும் ஒன்றல்ல. அமெரிக்கக் கறுப்புச் சிப்பாய் தன் இனத்தின் விடுதலைக்காகப் போரிட்டார்; கும்பினிச் சிப்பாய் அந்நிய ஆட்சியை விரிவாக்கப் போரிட்டார். இதைச் சொல்லாமல் எழுதும் புகழ்மாலை வரலாறாகாது. ஆனால் இந்த வேறுபாட்டைக் காட்டி அச்சிப்பாயைத் துரோகி என ஒதுக்குவதும் அநீதியே. கிராமம் தெருவில் நடக்கவும் விடாதபோது, அவருக்குக் கிடைத்த தெரிவுகளின் குறுகிய எல்லைக்குள் வைத்தே அவருடைய முடிவை எடைபோட வேண்டும். பதக்கப் பட்டியல்களும் போர்க்கள வருணனைகளும் இதற்குப் போதா. ஓய்வூதியப் பதிவேடுகளையும் மனுக்களையும் குடும்ப வாய்மொழிகளையும் சேர்த்துப் படிக்கும்போதுதான், தமிழகத்து ஒடுக்கப்பட்டோர் அரசியலின் தொடக்கத்தில் ஓய்வுபெற்ற சிப்பாய்க்குரிய பங்கைத் தீர்மானிக்க முடியும். அந்த ஆய்வை நாம் இன்னும் தள்ளிப்போடலாகாது.