அச்சம் நான்கும் ஒரு மூடிய கதவும்

பேய்ப்படம் ஒன்றுக்கு முன்னோட்டம் ஆயத்தம் செய்வோர் முதலில் ஆராய்வது, பார்ப்போர் எதற்கு அஞ்சுவர் என்பதே. இவ்வினா திரைக்கலைக்கு மிக முற்பட்டது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், அச்சம் பிறக்கும் களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கனை வகுத்துரைக்கிறது. அந்நான்கையும் அளவுகோலாகக் கொண்டு திரை வரலாற்றை நோக்குவோம்.

இந்தியத் திரைப்பார்வையாளரைப் பற்றிய விரிந்த விசாரணை 1927-28இல் நிகழ்ந்தது. சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமையிலான குழு 4,325 வினாத்தாள்களை அனுப்பி, 353 பேரை நேரில் விசாரித்தது. சாட்சியம் அளித்தோருள் பெரும்பாலார் அதிகாரிகளும் வணிகரும் கற்றோருமே. தரை டிக்கெட்டில் அமர்ந்தவரின் குரல் அதில் அரிது.

அமெரிக்காவில் ஜார்ஜ் காலப் 1940இல் பார்வையாளர் ஆய்வு நிறுவனம் தொடங்கினார். 1942இல் ஆர்.கே.ஓ. நிறுவனம், மக்களை ஈர்க்கும் எனக் கருதிய 'கேட் பீப்பிள்' என்னும் தலைப்பை முதலில் முடிவு செய்து, அதற்கேற்பப் படமெடுக்குமாறு தயாரிப்பாளர் வால் லூட்டனிடம் கொடுத்தது. அவரோ விலங்கைப் பெரும்பாலும் நிழலிலேயே நிறுத்தினார். பெயரை நிறுவனம் தந்தது. அச்சத்தை மறைப்பு தந்தது.

தமிழில், ஜுபிடர் நிறுவனத்தின் 'மர்மயோகி' (1951) பேய்க்காட்சிகளுக்காக 'ஏ' சான்றிதழ் பெற்றது. அக்கதையில் பேயாகத் தோன்றுபவன் இறந்ததாகக் கருதப்பட்ட அரசனே. அணங்கும் இறையும் ஓருருவில் வந்த அக்காட்சிகளுக்கு மக்கள் எவ்வளவு அஞ்சுவர் என்பதை அவர்கள் சார்பில் தணிக்கையாளரே தீர்மானித்தனர்.

தேனி அல்லிநகரத்தில் பிறந்த பாரதிராஜா, இரு கிராமப் படங்களுக்குப் பின் 1978இல் 'சிகப்பு ரோஜாக்கள்' எடுத்தார். அச்சம் புளியமரத்தை விட்டிறங்கி, நகரத்து மாளிகையில் நாகரிக உடையில் நின்றது. கள்வர் என்னும் களனின் புதுவடிவம் அது எனலாம்.

நான்கு களன்களையும் சொல்லிவிட்டோம். எவ்வளவு காட்டுவது என்பது எஞ்சுகிறது. அதற்கு விடை தேனி மாவட்டத்திலேயே உண்டு. தேவதானப்பட்டி மூங்கிலணை காமாட்சியம்மன் கோயிலில் கருவறைக் கதவு திறக்கப்படுவதில்லை. பூசை கதவுக்கே நடைபெறுகிறது. காணாததன் முன்னர்தான் மனம் முழுமையாக நடுங்குகிறது என்பதை அறிந்த மக்கள் இவர்கள். கதவைத் திறந்து காட்டிவிடும் முன்னோட்டம் இவர்களுக்கு எதனைச் சொல்லிவிட முடியும்?

இன்று ஒரு முன்னோட்டத்தை ஒரே நாளில் எத்தனை பேர் பார்த்தனர் எனக் கணினி எண்ணித் தருகிறது. எவ்விடத்தில் நெஞ்சு துணுக்குற்றது என்பதை அவ்வெண் உரைப்பதில்லை. அதனை அறிந்திருந்தோர் வேறு சிலர்: கம்பம், சின்னமனூர், உத்தமபாளையம் வட்டாரங்களில் ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் ஊரூராய்ப் படம் சொல்லிச் சென்றோர், சுவரொட்டி ஒட்டியோர், இரண்டாம் ஆட்டம் முடிந்து இருளில் வயல்வரப்பு வழியே வீடு திரும்பியோர். எதைச் சொன்னால் கூட்டம் வரும், எவ்விடத்தில் நிறுத்த வேண்டும் என்பது அவர்தம் பட்டறிவு. ரங்காச்சாரியார் குழுவின் வினாத்தாள் எட்டாத மனிதர் இவர்கள். முதுமையுற்ற அவர்களுடன் அவ்வறிவும் மறைந்துகொண்டிருக்கிறது. நாட்டார் கதைகளைத் தொகுக்கக் களப்பணி செல்லும் நம் தமிழ்த்துறை மாணவர்கள், இவர்களின் வாசலுக்கும் ஒருமுறை செல்லுதல் வேண்டும்.